கழுத்து யாருடையது?

2025 அக்டோபரில் கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் தம் முதுகில் மீண்டும் ஓர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதாக அறிவித்தார். இடுப்புப் பகுதியில் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு இடையே சிதைந்து தாழ்ந்துபோன இடைத்தட்டு அகற்றப்பட்டு, அங்கே செயற்கை இடைத்தட்டு பொருத்தப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2017 ஏப்ரலில், அதற்கு நேர் கீழே இருந்த இடைத்தட்டை எடுத்துவிட்டு எலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் சிகிச்சையை அவர் செய்துகொண்டிருந்தார். அந்த இணைப்புக்குப் பிறகுதான் 2019இல் ஐந்தாவது முறையாக மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். நவீன முதுகெலும்பு மருத்துவத்தின் இரு பெரும் வழிகளும் இன்று ஒரே மனிதரின் முதுகில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன.

அதே மாதத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீகில் விளையாடும் ஜாக் ஐக்கல், வேகாஸ் கோல்டன் நைட்ஸ் அணியுடன் எட்டு ஆண்டுகளுக்கு 10.8 கோடி டாலர் மதிப்புள்ள புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அவர் கழுத்திலும் ஒரு செயற்கை இடைத்தட்டு இருக்கிறது. அதைப் பொருத்திக்கொள்வதற்காக 2021இல் தம்முடைய அணித் தலைமைப் பதவியை அவர் இழந்தார். மாதக்கணக்கில் ஆடாமல் காத்திருந்தார். இறுதியில் ஊரையும் அணியையும் மாற்ற வேண்டியதாயிற்று.

உட்ஸ் கோல்ஃப் வீரர். அவருக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. எந்தச் சிகிச்சை வேண்டும் என்பதை மருத்துவரோடு பேசி அவரே முடிவு செய்துகொள்ளலாம். ஐக்கல் ஓர் அணியின் ஊதியம் பெறும் ஊழியர். அவருடைய கழுத்தில் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு இறுதி விடை சொல்லும் உரிமை ஒப்பந்தப்படி அவருடைய அணியிடம் இருந்தது. இந்த வேறுபாடு மருத்துவத்தைச் சேர்ந்தது அன்று. பொருளாதாரத்தையும் சட்டத்தையும் சேர்ந்தது. அதனால்தான் இது விளையாட்டு ரசிகர்களைத் தாண்டி, ஊதியத்துக்கு உழைக்கும் எவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வியாகிறது.

இரு சிகிச்சைகள்

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்து அதிர்ச்சியைத் தாங்குவது இடைத்தட்டு. மக்கள் வழக்கில் ‘டிஸ்க்’ என்றும் ‘ஜவ்வு’ என்றும் சொல்கிறோம். உள்ளே கூழ் போன்ற மையம்; வெளியே உறுதியான நார் வளையம். வளையம் கிழிந்து மையப்பகுதி பிதுங்கி நரம்பையோ தண்டுவடத்தையோ அழுத்தும்போது கழுத்து வலி, கை மரத்துப்போதல், தசை வலுவிழத்தல் ஆகியவை தோன்றுகின்றன. பலருக்கு ஓய்வும் மருந்தும் பயிற்சியும் போதும். போதாதபோதுதான் அறுவைச் சிகிச்சை.

கழுத்தைப் பொருத்தவரை இரு சிகிச்சைகளும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. கழுத்தின் முன்பக்கம் வழியாகச் சென்று, பழுதான இடைத்தட்டை அகற்றி, அழுத்தப்பட்ட நரம்பை விடுவிக்கிறார்கள். வெற்றிடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. எலும்பு இணைப்பு முறையில் அங்கே எலும்புத் துண்டோ எலும்பு நிரப்பிய கூடோ வைக்கப்பட்டு, பெரும்பாலும் உலோகத் தகட்டாலும் திருகுகளாலும் பிணைக்கப்படுகிறது. சில மாதங்களில் இரு எலும்புகளும் ஒன்றாகி விடுகின்றன. அந்த இடத்தில் அசைவு இராது. செயற்கை இடைத்தட்டு முறையில் அசையக்கூடிய கருவி ஒன்று பொருத்தப்படுகிறது. அசைவு நீடிக்கிறது.

முதல் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1950களில் ஸ்மித், ராபின்சன், கிளோவார்ட் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் அதை வடிவமைத்தார்கள். இரண்டாவது முறையின் வரலாற்றில் விளையாட்டுக்கு நேரடித் தொடர்பே உண்டு. 1980களில் கிழக்கு பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் இடுப்புப் பகுதிக்கான செயற்கை இடைத்தட்டை உருவாக்கிய இருவரில் ஒருவர் கரின் பியூட்னர் யான்ஸ். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றவர் அவர். பிற்காலத்தில் எலும்பு மருத்துவரானார். அவர்கள் உருவாக்கிய கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் ஒப்புதல் அளித்தது. கழுத்துக்கான கருவிக்கு 2007இல் முதல் ஒப்புதல் கிடைத்தது.

இவற்றுள் எது மேலானது? எலும்பு இணைப்பு உறுதியானது; எண்ணற்றோரிடம் பல்லாண்டுகள் பார்க்கப்பட்டது. ஆனால் ஓர் இடத்தில் அசைவு நின்றுபோனால் அதன் மேலும் கீழும் உள்ள மூட்டுகள் கூடுதல் சுமையை ஏற்க நேரலாம். 1999இல் ஹிலிப்ராண்ட் குழுவினர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், கழுத்தில் எலும்பு இணைப்புச் செய்துகொண்ட 374 நோயாளிகள் ஆராயப்பட்டார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 2.9 விழுக்காட்டினருக்கு அடுத்த மூட்டில் புதிய உபாதை தோன்றியது. பத்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது நேரும் என்று அவர்கள் கணித்தார்கள். அந்தச் சிதைவு இணைப்பால் வருவதா, வயதோடு இயல்பாக வருவதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

செயற்கை இடைத்தட்டு அசைவைக் காக்கிறது. எலும்பு ஒன்றுசேரக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் மீட்சி விரைவானது. ஆனால் கருவி தேயலாம், இடம் பெயரலாம், அதைச் சுற்றி வேண்டாத எலும்பு வளர்ந்து அசைவையே முடக்கலாம். இரு முறைகளையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில், தகுதியான நோயாளிகளுக்கு இது இணைப்புக்குக் குறைந்தது அன்று என்று தெரியவந்தது. எனினும் அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதுப் பொதுமக்கள். மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பனித்தளத்தில் சறுக்கிவந்து ஒருவர்மீது ஒருவர் மோதும் இளைஞர்கள் அல்லர்.

ஆகவே 2021இல் இருந்த நிலை இதுதான்: ஒன்று பழகிய பாதை, அதன் பின்விளைவு தொலைவில் இருக்கிறது, மற்றது புதிய பாதை, அதன் ஐயம் அருகிலேயே இருக்கிறது. அறிவுள்ள இரு மருத்துவர்கள் நேர்மையாகவே மாறுபட்டு முடிவெடுக்கக்கூடிய இடம் அது. அத்தகைய இடத்தில்தான் ‘யார் முடிவெடுப்பது’ என்ற கேள்வி உயிர்பெறுகிறது.

250 நாட்கள்

ஐக்கல் 2015இல் வீரர் தேர்வில் கானர் மெக்டேவிட்டுக்கு அடுத்து இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு பஃபலோ சேபர்ஸ் அணிக்கு வந்தவர். எட்டு ஆண்டுகளுக்கு 8 கோடி டாலர் ஒப்பந்தம். 2018இல் அணித் தலைமை. 2021 மார்ச் 7 அன்று நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்தில் இடைத்தட்டு பிதுங்கியது. அப்போது அவருக்கு வயது 24. ஒப்பந்தத்தில் அந்தப் பருவத்துக்குப் பின் இன்னும் ஐந்து ஆண்டுகளும் 5 கோடி டாலரும் மீதமிருந்தன.

முதல் சில வாரங்கள் அறுவையில்லாச் சிகிச்சை. அது எங்கும் பின்பற்றப்படும் முறைதான். அது பயனளிக்காதபோது அணியின் மருத்துவர்கள் எலும்பு இணைப்பைப் பரிந்துரைத்தார்கள். ஐக்கல் நாடிய வெளி மருத்துவர்கள் செயற்கை இடைத்தட்டைப் பரிந்துரைத்தார்கள். இளம் வயதில் எலும்பை இணைத்துவிட்டால் பின்னாளில் மீண்டும் மீண்டும் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பது அவருடைய கவலை. அந்த லீகில் இதற்கு முன் எவரும் செயற்கை இடைத்தட்டோடு ஆடியதில்லை என்பது அணியின் கவலை.

லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான கூட்டுப் பேர ஒப்பந்தம் இதற்கு விடை வைத்திருந்தது. வீரர் இரண்டாவது மருத்துவக் கருத்தைப் பெறலாம். அணி அதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஆனால் எந்தச் சிகிச்சை என்பதை இறுதியாக முடிவு செய்வது அணிதான். இதன் பொருளைத் துல்லியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். விருப்பமில்லாத சிகிச்சையை ஐக்கல்மீது எவரும் திணித்துவிட முடியாது. அவர் மறுக்கலாம், மறுத்தார். ஆனால் அவர் விரும்பிய சிகிச்சையை அணி தடுக்கலாம், தடுத்தது. மீறிச் செய்துகொண்டால் ஒப்பந்தத்தை முறித்தவராகி ஊதியத்தை இழக்கும் ஆபத்து இருந்தது. இருவர் கையிலும் ‘வேண்டாம்’ என்னும் அதிகாரம் மட்டுமே இருந்தது. ‘சரி’ என்னும் அதிகாரம் எவரிடமும் இல்லை.

கோடை கழிந்தது. செப்டம்பரில் உடல்தகுதித் தேர்வில் தேறவில்லை என்று கூறி அணி அவருடைய தலைமைப் பதவியைப் பறித்தது. நவம்பர் 4 அன்று அவரை வேகாஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தது. அவர் விரும்பிய சிகிச்சைக்கு வேகாஸ் சம்மதித்திருந்தது. எட்டு நாட்களில், நவம்பர் 12 அன்று, டென்வர் நகரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 2022 பிப்ரவரி 16 அன்று அவர் மீண்டும் ஆடுகளத்தில் இறங்கினார்.

நாட்களை எண்ணிப் பார்க்கலாம். காயத்திலிருந்து சிகிச்சை வரை 250 நாட்கள். சிகிச்சையிலிருந்து ஆட்டம் வரை 96 நாட்கள். குணமடைவதற்கு ஆன காலத்தைப்போல் இரண்டரை மடங்கு காலம், சிகிச்சைக்குக் காத்திருப்பதில் கழிந்தது. அதில் முதல் மூன்று மாதங்கள் மருத்துவக் காரணத்தால் என்று கழித்துக்கொண்டாலும், மீதியுள்ள ஐந்து மாதங்களுக்குக் காரணம் ஒப்பந்தத்தின் ஒரு விதிதான்.

வெற்றி ஒரு சான்றாகுமா?

2023 ஜூனில் வேகாஸ் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. அந்தத் தொடரின் 22 ஆட்டங்களில் 26 புள்ளிகள் எடுத்து ஐக்கலே முதலிடத்தில் நின்றார். 2024-25 பருவத்தில் 94 புள்ளிகள் எடுத்தார். அதுவரை அவர் வாழ்நாளில் அதுவே மிக அதிகம். சிகாகோ அணியின் டைலர் ஜான்சனும் 2021 டிசம்பரில் இதே சிகிச்சை செய்துகொண்டு அதே பருவத்தில் ஆட வந்தார். கலப்புத் தற்காப்புக் கலை வீரர் அல்ஜமெயின் ஸ்டெர்லிங் 2021இல் கழுத்தில் செயற்கை இடைத்தட்டு பொருத்திக்கொண்டு, 2022 ஏப்ரலில் பியோத்தர் யானை வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

இதைக்கொண்டு ‘ஐக்கல் சொன்னது சரி, அணி சொன்னது தவறு’ என்று பலர் தீர்ப்பெழுதினார்கள். அந்தத் தீர்ப்பு அவசரமானது. எலும்பு இணைப்புச் செய்துகொண்டு சாதித்தவர்களும் உண்டு. அமெரிக்கக் கால்பந்து வீரர் பெய்ட்டன் மேனிங்குக்கு 2011 செப்டம்பரில் கழுத்தில் எலும்பு இணைப்புச் செய்யப்பட்டது. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. 2012 மார்ச்சில், அவருக்குத் தர வேண்டிய 2.8 கோடி டாலர் ஊக்கத்தொகைக்கான நாளுக்கு முன்னதாக, இண்டியானாபோலிஸ் அணி அவரை விடுவித்தது. டென்வர் அணிக்குச் சென்ற அவர் 2013 பருவத்தில் 55 டச் டவுன் பந்துவீச்சுகளோடு சாதனை படைத்தார். 2016 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வென்று ஓய்வுபெற்றார். உட்ஸின் 2019 மாஸ்டர்ஸ் வெற்றியும் இணைக்கப்பட்ட முதுகோடு பெற்றதுதான்.

ஒருவேளை ஐக்கலின் கருவி முதல் மோதலிலேயே இடம் பெயர்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? அணி சொன்னதுதான் சரி என்று சொல்லியிருப்போம். விளைவைப் பார்த்து முடிவின் தரத்தை அளப்பது நம் எல்லோரிடமும் உள்ள பழக்கம். முடிவெடுத்த நாளில் என்ன தெரிந்திருந்தது, ஆபத்து யார் தலையில் விழவிருந்தது என்ற இரண்டையும் வைத்துத்தான் அந்த முடிவுக்கு உரியவர் யார் என்று சொல்ல முடியும். அந்த அளவுகோலில் பார்த்தால், ஐக்கல் கோப்பையை வெல்லாமல் போயிருந்தாலும் முடிவெடுக்கும் உரிமை அவருடையதாகவே இருந்திருக்க வேண்டும். அதற்கான காரணங்கள் மூன்று.

மனித மூலதனத்தின் சிக்கல்

முதலாவது, கால எல்லை. பொருளியலில் கல்வி, திறன், உடல்நலம் ஆகியவற்றை மனித மூலதனம் என்கிறோம். தியடோர் ஷூல்ட்ஸும் கேரி பெக்கரும் வளர்த்தெடுத்த இந்தக் கருத்தில் அடிப்படையான ஓர் உண்மை உண்டு: எந்திரத்தை அதன் உரிமையாளரிடமிருந்து பிரித்து விற்கலாம், மனித மூலதனத்தை மனிதரிடமிருந்து பிரிக்க முடியாது. பஃபலோ அணி வாங்கியது எட்டு ஆண்டு ஆட்டத்தை. அந்த ஒப்பந்தம் முடியும்போது ஐக்கலுக்கு வயது 29. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் அந்தக் கழுத்தோடு வாழ வேண்டியவர் அவர். முப்பத்தைந்து வயதில் அடுத்த மூட்டு சிதைந்தால் அந்தச் செலவு அணியின் கணக்கில் வராது. தன் கணக்கில் வராத செலவை எந்த நிறுவனமும் முழுமையாக மதிப்பிடுவதில்லை. ஆற்றில் கழிவைக் கலக்கும் ஆலைக்கும் இதே தர்க்கம்தான்.

இரண்டாவது, பழியின் சமமின்மை. புதிய சிகிச்சை தோற்றால் அனுமதித்த மேலாளரும் மருத்துவரும் மறுநாளே பழிக்கப்படுவார்கள். பழைய சிகிச்சையின் தீங்கு பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டால் எவரும் அவர்களை நினைக்கக்கூட மாட்டார்கள். ஆகவே தீய எண்ணம் சிறிதும் இல்லாமலேயே, பழகிய வழியை நோக்கி அவர்கள் சாய்வார்கள். இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. முதல் வீரர் துணிந்து செய்துகொண்டால் அதனால் கிடைக்கும் அறிவு எல்லா அணிகளுக்கும் இலவசமாகப் பயன்படும். தோல்வியின் செலவோ முதல் அணிக்கு மட்டும். எனவே எல்லா அணிகளும் இரண்டாவதாக இருக்கவே விரும்பும். ஐக்கலுக்குப் பின் ஒரு மாதத்திலேயே ஜான்சனுக்கு வழி திறந்தது இதனால்தான் என்று எண்ண இடமிருக்கிறது.

மூன்றாவது, மருத்துவரின் இரட்டைக் கடமை. அணி மருத்துவருக்கு நோயாளி ஒருவர், ஊதியம் தருபவர் இன்னொருவர். பெரும்பாலோர் நேர்மையாகவே நடக்கிறார்கள். ஆனால் அமைப்பின் ஆபத்தை வரலாறு காட்டியிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ அமெரிக்கக் கால்பந்து அணிக்காக 1973 வரை ஆடிய சார்லி க்ரூகரின் முழங்காலில் மீண்டும் மீண்டும் ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டது. காயத்தின் உண்மை நிலையும் தொடர்ந்து ஆடுவதன் ஆபத்தும் அவருக்கு முழுமையாகச் சொல்லப்படவில்லை என்று 1987இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐக்கல் விவகாரத்தில் எதுவும் மறைக்கப்படவில்லை. அங்கே எழுந்தது நேர்மையான கருத்து மாறுபாடு. ஆயினும் கருத்து மாறுபடும்போது ஊதியம் தருபவரின் பக்கம் தானாகவே வெல்லும் என்று விதி இருந்தால், இரண்டாவது கருத்து வெறும் சடங்காகிவிடுகிறது.

சந்தை தீர்த்துவைத்ததா?

இங்கே ஒரு பொருளியல் மறுப்பு எழக்கூடும். 1956இல் சைமன் ராட்டன்பர்க் பேஸ்பால் வீரர்களின் தொழில்சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வீரரின்மீதான உரிமை வீரரிடம் இருந்தாலும் அணியிடம் இருந்தாலும், இறுதியில் அவர் எங்கே அதிகப் பயன் தருவாரோ அங்கேதான் போய்ச் சேருவார். பணம் யாருக்குப் போகிறது என்பது மட்டுமே மாறும் என்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ரொனால்ட் கோஸ் இதை ஒத்த கருத்தைப் பொதுக் கோட்பாடாக்கினார். ஐக்கலின் கதை இதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டுப்போல் தோன்றும். ஆபத்தை ஏற்கத் துணிந்த அணி விலை கொடுத்து வாங்கியது. அலெக்ஸ் டக் உள்ளிட்ட வீரர்களையும் தேர்வு உரிமைகளையும் பஃபலோ பெற்றது. டக் அங்கே சிறப்பாகவே ஆடினார். எல்லோருக்கும் நன்மை என்றால் விதியில் என்ன குறை?

குறை இரண்டு. கோஸின் தர்க்கம் பேரத்துக்குச் செலவே இல்லை என்ற கற்பனை உலகில்தான் முழுமையாகப் பொருந்தும். அதை வலியுறுத்தியவரும் அவரேதான். இங்கே பேரம் நடந்த மாதங்களின் செலவைச் செலுத்தியது இளைஞர் ஒருவரின் கழுத்து. அழுத்தப்பட்ட நரம்பு காத்திருக்கும் காலம் நீள நீள, முழுமையாக மீளும் வாய்ப்புக் குறையலாம். மற்றது, இந்தத் தீர்வு நட்சத்திரங்களுக்கு மட்டுமே கிடைக்கும். ஐக்கலுக்காகப் பல அணிகள் காத்திருந்தன. 2021-22 பருவத்தில் அந்த லீகின் குறைந்தபட்ச ஊதியம் 7.5 லட்சம் டாலர். அந்த ஊதியத்தில், நான்காவது வரிசையில், ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆடும் ஒருவருக்குக் கழுத்தில் இடைத்தட்டு பிதுங்கினால் அவரை எந்த அணி விலைகொடுத்து மீட்கும்? அவர் இரண்டு மாதம் மறுத்து நிற்க முடியுமா? பெரும்பாலும் சொன்ன இடத்தில் கையெழுத்திடுவார். அவருடைய பெயரை நாம் கேள்விப்படவும் மாட்டோம். ஒரு விதியின் நியாயத்தை அதன் கீழ் வலிமை குறைந்தவர் என்ன ஆகிறார் என்பதைக்கொண்டே அளக்க வேண்டும்.

எதிர்த்தரப்பின் நியாயம்

அணியின் தரப்பை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 5 கோடி டாலரைச் செலுத்தும் கடமை அவர்களுடையது. வீரர் தவறாக முடிவெடுத்தாலும் அந்தப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். மேலும், அணிக்குத்தான் குறுகிய பார்வை, வீரருக்கு எப்போதும் நீண்ட பார்வை என்று சொல்வதும் சரியன்று. விரைந்து ஆடுகளம் திரும்பும் ஆசையில் ஆபத்தைக் குறைத்து மதிப்பிடும் வீரர்கள் எங்கும் உண்டு. மீட்சி விரைவு என்பதற்காகவே செயற்கை இடைத்தட்டைத் தேர்ந்தெடுப்பவரும் இருக்கலாம். சில வேளைகளில் அணி மருத்துவரின் எச்சரிக்கையே வீரரைக் காக்கும்.

இந்த வாதங்களில் உண்மை இருக்கிறது. ஆனால் அவை பணத்தைப் பற்றியும் தகவலைப் பற்றியும் எழும் சிக்கல்கள். பணச் சிக்கலைக் காப்பீட்டாலும் ஒப்பந்த விதியாலும் தீர்க்கலாம். தகவல் சிக்கலைச் சுதந்திரமான மருத்துவ ஆலோசனையால் தீர்க்கலாம். இரண்டுக்கும் உடல்மீதான முடிவை வேறொருவர் கையில் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. பஃபலோ நகரம் அமைந்திருக்கும் அதே நியூயார்க் மாநிலத்தில், 1914இல் ஷ்லோண்டார்ஃப் வழக்கில் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ, தெளிந்த மனமுடைய வயதுவந்த எவருக்கும் தம் உடலில் என்ன செய்யப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று வரையறுத்தார். நூறாண்டுகளுக்கு மேலாக மருத்துவ அறவியலின் தூணாக நிற்கும் கருத்து அது. தவறாக முடிவெடுக்கும் உரிமையும் அதனுள் அடக்கம்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத இலட்சியம் அன்று. அமெரிக்கக் கால்பந்து லீகின் கூட்டுப் பேர ஒப்பந்தம், அணி மருத்துவரைக் கலந்தாலோசித்து அவர் கருத்துக்கு உரிய மதிப்பளித்த பிறகு, தமக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வீரருக்கு அளிக்கிறது. அதனால் அந்த லீகின் வருமானம் குறைந்துவிடவில்லை.

என்ன செய்யலாம்?

முதலில், இரு முடிவுகளைப் பிரிக்க வேண்டும். எந்தச் சிகிச்சை என்பது ஒன்று. சிகிச்சைக்குப் பின் ஆடத் தகுதி உண்டா என்பது வேறொன்று. ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் அளித்த, தகுதிபெற்ற மருத்துவர் பரிந்துரைத்த சிகிச்சைகளுள் எதைத் தேர்வது என்பது வீரரின் உரிமையாக இருக்கட்டும். ஆடலாமா என்பதை அணியும் வீரரும் சேர்ந்து ஏற்கும் மூன்றாவது நிபுணர் முடிவு செய்யட்டும். களத்தில் தண்டுவடக் காயம் நேராமல் காக்க வேண்டிய பொறுப்பு அணிக்கும் இருப்பதால் இந்தப் பிரிவினை நியாயமானது.

அடுத்து, கருத்து மாறுபாட்டுக்குக் காலக்கெடு வேண்டும். 30 நாட்களுக்குள் மூன்றாவது கருத்துப் பெறப்பட்டு முடிவு எட்டப்பட வேண்டும் என்று ஒரு விதி இருந்திருந்தால் 2021ஆம் ஆண்டின் கோடை அப்படி வீணாகியிராது. அணி மருத்துவர் பரிந்துரைக்காத சிகிச்சையை வீரர் தேர்ந்தெடுத்தால் அதனால் கூடும் காப்பீட்டுச் செலவில் ஒரு பகுதியை அவரே ஏற்கலாம். அது நியாயமான பேரம். பதவிப் பறிப்பும் ஊதியம் நிறுத்தும் அச்சுறுத்தலும் பேரம் ஆகா.

மூன்றாவதாக, தொழில்முறை வீரர்களுக்குச் செய்யப்படும் இத்தகைய அறுவைச் சிகிச்சைகளின் விளைவுகள், பெயர் நீக்கி, ஓய்வுக்குப் பிறகும் பதிவு செய்யப்பட வேண்டும். பத்தாண்டுகள் கழித்து எத்தனை பேருக்கு மறு சிகிச்சை தேவைப்பட்டது என்ற விவரம் எந்த ஓர் அணியின் சொத்தாகவும் இருக்கக் கூடாது. பொதுப் பண்டத்தைத் தனியொருவர் போதிய அளவு உற்பத்தி செய்யமாட்டார் என்பது பொருளியலின் பாலபாடம். அதை லீகும் வீரர் சங்கமும் இணைந்துதான் செய்ய முடியும். அந்த விவரம் கிடைக்கும்வரை ‘இணைப்பா, செயற்கைத் தட்டா’ என்ற விவாதம் நட்சத்திர வீரர்களின் கதைகளை எதிரெதிரே நிறுத்துவதாகவே இருக்கும்.

இந்தக் கேள்வி கோடிகளில் புரளும் விளையாட்டு வீரர்களோடு முடிந்துவிடுவதும் இல்லை. காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலுக்காக மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் எவருக்கும், நிறுவன மருத்துவரின் சான்றிதழை நம்பி வேலைக்குத் திரும்பும் தொழிலாளிக்கும் இதே கேள்வி வேறு உருவில் எதிர்ப்படுகிறது. பணம் கொடுப்பவர் செலவின் அளவைப் பற்றிப் பேசலாம், கணக்குக் கேட்கலாம், நிபந்தனை விதிக்கலாம். உழைப்பை விலைக்கு வாங்கியதால் உழைப்பவரின் எலும்பையும் சேர்த்து வாங்கிவிட்டதாக அவர் எண்ணக் கூடாது.

ஐக்கலின் புதிய ஒப்பந்தம் 2026-27 பருவத்தில் தொடங்கி எட்டு ஆண்டுகள் நீடிக்கும். அந்தக் கழுத்தை நம்பி ஓர் அணி 10.8 கோடி டாலர் வைத்திருக்கிறது. அவர் தம் பேரத்தைத் தாமே நடத்தி வென்றுவிட்டார். நான்காவது வரிசை வீரருக்காக அதே பேரத்தை விதியாக எழுதிவைக்கும் பொறுப்பு, அடுத்த முறை பேச்சுவார்த்தை மேசையில் அமரும் வீரர் சங்கத்துக்கு இருக்கிறது.